சிவப்பு–நீலக் கண்ணாடியில் ஆழம் தெரியாத கண்கள்

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தார்கள். பிறந்தநாள் கூட்டம் ஒன்றில் குழந்தைகள் எல்லாரும் சிவப்பும் நீலப்பச்சையுமான அட்டைக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு முப்பரிமாணப் படம் பார்த்திருக்கிறார்கள். மீன் கைக்கெட்டும் தூரத்தில் நீந்துகிறது என்று மற்றவர்கள் கையை நீட்டிக் கூச்சலிட்டபோது, இவள் மட்டும் “எனக்கு எல்லாம் நீலமா, தட்டையாத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறாள். கண்ணாடியில்தான் கோளாறு என்று எண்ணி வேறொன்றைக் கொடுத்துப் பார்த்த தாய்க்கு, அதிலும் அதே பதில் வரவே சந்தேகம் எழுந்தது. பரிசோதித்தபோது சிறுமியின் வலக் கண் நன்றாக இருந்தது. இடக் கண்ணில் பிளஸ் பவர் மிக அதிகமாக இருந்ததால், மூளை அந்தக் கண்ணின் மங்கலான படத்தைப் பல ஆண்டுகளாகப் புறக்கணித்து வந்திருக்கிறது. சோம்பேறிக் கண் என்று நாம் சொல்லும் அம்பிளியோபியா அது. ஒரு கண்ணை மட்டும் கொண்டு படிக்கவும் ஓடியாடவும் அவள் பழகிவிட்டதால், வீட்டிலோ வகுப்பறையிலோ யாருக்கும் அது தெரியவில்லை.

இருகண் பார்வைக் குறைகளைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் என்ற முறையில், வண்ணக் கண்ணாடிகளை நான் அன்றாடம் கையாள்கிறேன். ‘வொர்த் நான்கு புள்ளி’ சோதனையில் ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்குப் பச்சை வடிகட்டி வைத்து, ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு வெள்ளை என நான்கு விளக்குகளைக் காட்டுவோம். நான்கும் தெரிந்தால் இரு கண்களும் சேர்ந்து இயங்குகின்றன. இரண்டோ மூன்றோ மட்டும் தெரிந்தால் ஒரு கண்ணை மூளை அடக்குகிறது. ஐந்து தெரிந்தால் இரட்டைப் பார்வை. பொழுதுபோக்குக்காகத் தரப்படும் அட்டைக் கண்ணாடியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதனால் அதை மாட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமல் ஒரு சிறு பரிசோதனைக்கு உட்படுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன். பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கேட்பது, இந்தக் கண்ணாடி கண்ணைக் கெடுக்குமா என்பதைத்தான். கண்ணாடி கண்ணைக் கெடுப்பதில்லை. முன்பே இருக்கும் குறையைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்த முறை புதியதன்று. இரு கண்களுக்கும் தெரியும் படங்களின் சிறு வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது என்பதைச் சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-இல் தம் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் காட்டினார். அவ்விரு படங்களையும் இரு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வண்ணக் கண்ணாடியால் பிரித்தெடுக்கலாம் என்று 1853-இல் வில்ஹெல்ம் ரோல்மன் விளக்கினார்; அச்சிட்ட படங்களுக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற லூயி டூகோ து ஓரோன் அதற்கு அனாகிளிஃப் என்று பெயரிட்டார். 1922-இல் லாஸ் ஏஞ்சலிஸில் முழுநீளப் படமே இம்முறையில் திரையிடப்பட்டது. பின்னர் திரையரங்குகள், நிறத்துக்குப் பதிலாக ஒளி அதிரும் திசையைக் கொண்டு படங்களைப் பிரிப்பதால் நிறங்களைக் கெடுக்காத துருவமுனைவுக் கண்ணாடிகளுக்கு மாறின. வீட்டுக்கென்று வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சிகளைப் பெரிய நிறுவனங்கள் 2017-க்குள் கைவிட்டுவிட்டன. ஆனால், அனாகிளிஃப் படத்துக்குத் தனித் திரையோ மின்கலம் பொருத்திய கண்ணாடியோ தேவையில்லை. நிறம் காட்டும் எந்தக் கைபேசியும் அச்சிட்ட எந்தத் தாளும் போதும். காணொளிகளிலும் விளையாட்டுகளிலும் படக்கதைகளிலும் அது மறுபடியும் தலைகாட்டுவதற்கு இந்த எளிமையே காரணம். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், எந்தத் திரையிலும் காட்டலாம் என்ற நிலையில், கண்ணுக்கு ஒவ்வாத படங்களும் பெருகிவிட்டன. அவற்றால் வரும் தலைவலியையும் கண்ணின் குறையால் வரும் தலைவலியையும் பிரித்தறிவதே என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

முதலில் படத்தின் குறைகளைச் சொல்கிறேன். இடக் கண்ணுக்குச் சிவப்பு, வலக் கண்ணுக்கு நீலப்பச்சை என்பதே இன்று பரவலான வழக்கம். கண்ணாடியைத் திருப்பி மாட்டினால் முன்னிருப்பது பின்னும் பின்னிருப்பது முன்னுமாகி, மூளை குழம்பிப்போகும். படத்தில் பளிச்சென்ற சிவப்புப் பொருள் ஒன்று வந்தால், அது சிவப்பு வடிகட்டி வழியே ஒளிர்ந்தும் நீலப்பச்சை வடிகட்டி வழியே கறுத்தும் தெரியும். ஒரே பொருளை ஒரு கண் வெளிச்சமாகவும் மறு கண் இருட்டாகவும் பார்க்கும்போது, இரண்டையும் இணைக்க முடியாத மூளை இதையும் அதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்த இடம் மினுக்குவது போலத் தோன்றிக் கண்ணை உறுத்தும். படத்தைச் சாம்பல் நிறமாக மாற்றிய பிறகு அனாகிளிஃப் செய்தால் இந்தச் சச்சரவு வெகுவாகக் குறையும். நிறங்களையும் ஓரளவு காத்து உறுத்தலையும் குறைக்கும் கணக்கீட்டு முறை ஒன்றை எரிக் டூபுவா 2001-இல் வெளியிட்டார். அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் இத்தகைய முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் நிறங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காணொளிகளைச் சுருக்கிச் சேமிக்கும்போது வெளிச்சத் தகவலை முழுமையாக வைத்துக்கொண்டு நிறத் தகவலைக் குறைத்துவிடுவதும் வழக்கம். அனாகிளிஃப் முறையில் இரு கண்களுக்கான படங்களையும் பிரிப்பதே நிறம்தான் என்பதால், அந்தச் சுருக்கத்தால் ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் கசிந்து, ஒவ்வொரு உருவத்தின் ஓரத்திலும் நிழல் போல ஒட்டிக்கொள்ளும்.

இவற்றைவிட முக்கியமானது திரையின் அளவு. வயது வந்தவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. திரைக்குப் பின்னால் வெகு தொலைவில் இருப்பதாகக் காட்டப்படும் மலையின் சிவப்பு உருவுக்கும் நீலப்பச்சை உருவுக்கும் இடையேயான தூரம் இந்த இடைவெளியைத் தாண்டினால், இரு கண்களும் வெளிப்பக்கமாக விரிந்து பார்க்க வேண்டியிருக்கும். இயல்பான வாழ்க்கையில் எந்தப் பொருளைப் பார்க்கவும் நாம் அப்படிச் செய்வதில்லை. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள கணினித் திரையில் 1.5 சென்டிமீட்டர் விலகல் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. அதே படத்தைப் புரொஜெக்டர் வழியே 4 மீட்டர் அகலச் சுவரில் காட்டினால், அந்த விலகல் 10 சென்டிமீட்டராகிவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தையின் கண்மணி இடைவெளியோ சுமார் 5 சென்டிமீட்டர்தான். சிறிய திரைக்கென்று செய்ததைப் பெரிய திரையில் போட்டுவிட்டு, குழந்தைகள் ஏன் கண்ணைக் கசக்குகிறார்கள் என்று வியப்பதில் பொருளில்லை. விழா நடத்துவோர், படம் எந்த அளவுத் திரைக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நீங்காத ஓர் உழைப்பும் உண்டு. அருகே வரும் பொருளைப் பார்க்கக் கண்கள் உட்புறமாகக் குவியும்போது, கண்ணின் லென்சும் அதே தூரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வது இயல்பு. முப்பரிமாணப் படத்தில் கண்கள் மீன் ‘இருக்கும்’ இடத்தில் குவிய, லென்ஸ் திரையின் தூரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியை ஆரோக்கியமான கண்கள் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். குவியும் திறன் குறைந்தவர்களுக்கும், வெளியே தெரியாத மாறுகண் சாய்வு உள்ளவர்களுக்கும் பத்து நிமிடத்திலேயே நெற்றி வலி, குமட்டல், இரட்டைத் தோற்றம் ஆகியவை வந்துவிடுகின்றன. அனாகிளிஃபில் இன்னொரு சுமையும் சேர்கிறது: சிவப்பு ஒளியும் நீலப்பச்சை ஒளியும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை என்பதால், ஒரு கண் தெளிவாகப் பார்க்கும்போது மறு கண் சற்று மங்கலாகவே பார்க்கும். சில தரமான கண்ணாடிகளில் சிவப்புப் பக்கத்தில் சிறிதளவு பவர் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கழற்றிய பிறகு ஒரு கண்ணுக்கு உலகம் சற்று இளஞ்சிவப்பாகவும் மறு கண்ணுக்கு நீலமாகவும் தெரிவதைக் கண்டு சிலர் பதறுகிறார்கள். விழித்திரை நிறங்களுக்குப் பழகிக்கொண்டதன் விளைவு அது. சிறிது நேரத்தில் தானே மறைந்துவிடும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அனாகிளிஃப் தெரியவே தெரியாது என்பதும் தவறான எண்ணம். படங்களைப் பிரிப்பது வடிகட்டிதான் என்பதால், அவர்களில் பலரும் ஆழத்தை உணர்கிறார்கள். சிவப்பு ஒளியை உணரும் திறனே குறைந்தவர்களுக்கு மட்டும் இடக் கண்ணின் படம் இருண்டு தொல்லை தரும்.

சிறு குழந்தைகளைப் பற்றிய கருத்துகள் ஒரே மாதிரியாக இல்லை. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முப்பரிமாணப் படங்களைக் காட்டக் கூடாது என்றும், 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு அளவோடு காட்டலாம் என்றும் பிரான்சின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ் 2014-இல் பரிந்துரைத்தது. ஆரோக்கியமான கண்களுக்கு இதனால் நிரந்தரப் பாதிப்பு வரும் என்பதற்குச் சான்று இல்லை என்பது அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஆறு வயதுக்குக் கீழே தவிர்த்துவிடுங்கள், அதற்கு மேல் சிறிய திரையில் கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம் என்று நான் சொல்லி வருகிறேன். ஏற்கெனவே பவர் கண்ணாடி அணியும் குழந்தை அதைக் கழற்றாமல், அதன்மேலேயே அட்டைக் கண்ணாடியை மாட்ட வேண்டும்.

ஆழம் தெரியவில்லை என்று குழந்தை சொன்னால், அதைச் சாக்குப்போக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள். சிவப்புப் பக்கம் இடக் கண்ணில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே படத்தில் மற்றவர்களுக்கு ஆழம் தெரிகிறதா என்று கேளுங்கள். பிறகு அட்டைக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் முழுவதும் மூடி, எதிரே தொலைவில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள்; அடுத்து மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை சிணுங்கினாலோ, கையை விலக்கினாலோ, எழுத்தை அடையாளம் காணத் தடுமாறினாலோ, திறந்திருக்கும் கண்ணில்தான் குறை இருக்கக்கூடும். இந்த வீட்டுச் சோதனையில் தேறினாலும், ஆழம் தெரியாத குழந்தையை முழுமையான இருகண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிறிய அளவு மாறுகண் இந்தச் சோதனையில் அகப்படாது. சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சை ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி என்றாலும், அதன் பிறகும் முன்னேற்றம் காண்பவர்கள் உண்டு. அந்தச் சிறுமி இப்போது பவர் கண்ணாடி அணிகிறாள். நாள்தோறும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைத்துப் படிக்கிறாள். பார்வைச் சோதனை அட்டையில் இடக் கண் முன்னைவிட மூன்று வரிகள் கூடுதலாகப் படிக்கிறது. ஆழ உணர்வு எந்த அளவுக்குத் திரும்பும் என்பதைப் பெற்றோருக்கு நான் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

இந்தக் கண்ணாடியை நம்பிக் கண்ணையே கெடுத்துக்கொள்ளக்கூடிய சூழல் ஒன்றுண்டு. அது சூரிய கிரகணம். நிறம் பூசியிருப்பதால் பாதுகாப்பு தரும் என்று எண்ணி, அலமாரியில் கிடக்கும் முப்பரிமாணக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு குழந்தைகள் வெளியே ஓடக்கூடும். கிரகணம் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 12312-2 தர வடிகட்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகபட்சம் 0.0032 விழுக்காட்டையே உள்ளே விடும். அனாகிளிஃபின் சிவப்புத் தாளோ தன் நிறத்துக்குரிய ஒளியில் பெரும்பகுதியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களையும் அப்படியே விட்டுவிடுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், காயம் படும் நேரத்தில் குழந்தை எதையும் உணராது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவே ஒரு கரும்புள்ளி தோன்றும்போதுதான் நம்மிடம் வந்து சொல்லும்.