பின்னிரவில் முதுகுவலி ஏன் கூடுகிறது?

நெசவாலையில் இரவுப் பணி பார்க்கும் தம் கணவருக்கு, பகல் ஷிப்டில் பொறுத்துக்கொள்ள முடிகிற முதுகுவலி பின்னிரவு மூன்று மணிக்குத் தாங்க முடியாததாகிவிடுவது ஏன் என்று மொரீஷியசின் ரோஸ் ஹில் நகர வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வேலை ஒன்றே, நேரம் மட்டுமே வேறு. ஆகவே, விடையையும் நேரத்தில்தான் தேட வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகின்றன என்பதும், ஒளியைக் கொண்டே அது தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதும் பலரும் படித்தவை. வலியும் இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதா என்பதுதான் கேள்வி. இரவில் விழித்திருப்பவர் களைத்தும் இருப்பார் என்பதால், வலி கூடியது நேரத்தாலா, களைப்பாலா என்று பிரித்தறிவது எளிதன்று.

பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. நலமான 12 ஆண்கள் 34 மணி நேரம் உறங்காமல், மங்கிய ஒளியில், மாறாத வெப்பநிலையில், பாதி சாய்ந்த நிலையிலேயே வைக்கப்பட்டார்கள். உணவுகூட மணிக்கொரு முறை சிறிதளவாகவே தரப்பட்டது. பொழுதைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இல்லாத அந்த அறையில், இரண்டு மணிக்கொரு முறை அவர்களின் முன்கையில் வெப்பம் செலுத்தி வலியை அளந்தார்கள். களைப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், நேரம் செல்லச் செல்ல வலி ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். ஆனால் நள்ளிரவு கடந்து மூன்று, நான்கு மணியளவில் உச்சத்தைத் தொட்ட வலியுணர்வு, ஒரு நொடியும் உறங்காத அதே மனிதர்களிடம் மறுநாள் பிற்பகலில் மீண்டும் தணிந்தது! ஒரு நாளுக்குள் வலியுணர்வில் ஏற்படும் மாற்றத்தில் சுமார் 80 விழுக்காடு உடற்கடிகாரத்தின் வேலை என்றும், எஞ்சியதே தூக்கமின்மையின் பங்கு என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இரவுப் பணியாளரிடம் இவ்விரண்டும் ஒரே வேளையில் வந்து சேருகின்றன. பின்னிரவு வலிக்குக் காற்று, கருப்பு என்று காரணம் காட்டித் தாயத்துக் கட்டும் பெரியவர்கள் இந்த ஒரு சோதனையையாவது அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

பணி முடிந்து வெளியே வந்ததும் காலை வெயில் கண்ணில் படுவதால், எத்தனை வாரம் இரவில் உழைத்தாலும் பெரும்பாலோரின் உடற்கடிகாரம் இரவு விழிப்புக்கு ஏற்ப முழுமையாக மாறுவதில்லை. பகல் தூக்கம் குறைந்து, அழற்சி கூடி, வலி நிலைத்துவிடக்கூடும். நள்ளிரவுக்குப் பின் உண்ணும்போது இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறுவதும், நீரிழிவு மிகுந்த நம் மொரீஷியசுக்குச் சிறிய செய்தியன்று.

அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. எபேன் கால் சென்டர்களிலும் மருத்துவமனைகளிலும் இரவில் விழித்திருப்போரில் பெண்கள் எத்தனையோ பேர். 1987 முதல் நீரிழிவுக் கணக்கெடுப்புக்குச் செலவிட்டு உலகுக்கே தரவு தந்த இந்நாடு, இரவுப் பணியாளரின் வலியை அளக்கவும் நிதி ஒதுக்க வேண்டும். அதுவரை, பாரம் தூக்கும் வேலையை நள்ளிரவுக்கு முன்பே முடித்து, இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை இலேசான வேலை தருவது மேலாளர்கள் இன்றே செய்யக்கூடியது.