22 வயதில் முடிந்த ஆட்டம்: அலெக்ஸி யகுதினின் இடுப்பு மூட்டு

2002 பிப்ரவரி 14 அன்று, சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கின் ஆடவர் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி, சுழன்று, தாவும் ஆட்டம்) போட்டியில், ரஷ்யாவின் அலெக்ஸி யகுதின் தமது நெடு நிகழ்ச்சியை (முதலில் ஆடும் குறு நிகழ்ச்சிக்குப் பின் வரும் நீண்ட ஆட்டம்) ஆடி முடித்தபோது, ஒன்பது நடுவர்களும் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். அவர்களில் நான்கு பேர் கலை வெளிப்பாட்டுக்கு 6.0 என்ற முழு மதிப்பெண்ணை அளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் நடந்த ஒரு கிராண்ட் பிரி (பருவந்தோறும் நடக்கும் சர்வதேசத் தொடர்) போட்டியின் குறு நிகழ்ச்சியோடு அவர் விலகிக்கொண்டார். இடுப்பு மூட்டு வலி அதற்கு மேல் ஆட விடவில்லை. 2003இல் ஓய்வை அறிவித்தார். 2007இல், 27 வயதில், அவருக்குச் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டது. வழக்கமாக அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நாங்கள் செய்யும் அறுவை சிகிச்சை அது.

எலும்பு மூட்டு மருத்துவராக இருக்கும் எனக்கு, அவர் வாங்கிய பதக்கங்களைவிட, ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் முடிந்துபோன அந்த ஆட்டக்காலத்தின் வேகம்தான் யோசிக்கத் தூண்டுவதாக இருக்கிறது. 1980 மார்ச்சில் லெனின்கிராடில் பிறந்தவர் நான்கு வயதில் பனித்தளத்தில் இறக்கப்பட்டார். பின்னர் புகழ்பெற்ற பயிற்சியாளர் அலெக்ஸி மிஷினின் குழுவில் சேர்ந்து, 1996இல் உலக இளையோர் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது என்றாலும், சில வாரங்களுக்குள் மினியாபொலிஸில் உலக சாம்பியனாகி, 18 வயதிலேயே அந்தப் பட்டத்தைக் கைப்பற்றினார். அதன்பின் மிஷினை விட்டு நீங்கி டாட்டியானா தாராசோவாவிடம் சேர்ந்தார். 1999, 2000 ஆகிய ஆண்டுகளிலும் உலகப் பட்டம் அவருக்கே. 2001இல் மட்டும், மிஷினிடமே தங்கிவிட்ட எவ்கேனி பிளஷென்கோவிடம் தோற்று வெள்ளி பெற்றார். 2001-02 பருவத்தில் கிராண்ட் பிரி இறுதி, ஐரோப்பியப் பட்டம், ஒலிம்பிக், உலகப் பட்டம் என நான்கையும் ஒருசேர வென்றார். அதற்கு முன் எந்த ஆடவரும் ஒரே பருவத்தில் அவற்றைச் சேர்த்து வென்றதில்லை.

அவருடைய மூட்டில் இருந்தது பிறவிக் கோளாறு என்றே செய்திகளில் சொல்லப்பட்டது. அவருடைய எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவன் நான் அல்லன்; ஆகவே இனி நான் எழுதுவது, இளம் விளையாட்டு வீரர்களிடம் அடிக்கடி தென்படும் பிறவி இடுப்பு மூட்டுக் குறையைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதாகும்.

பள்ளிப் பாடத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் அது பொருந்தும் குழி கிண்ணம். சிலருக்கு இந்தக் கிண்ணம் பிறவியிலேயே ஆழமில்லாமல், தட்டுபோல அமைந்துவிடுகிறது. பந்தின் மேற்பகுதி முழுமையாக மூடப்படாததால், உடலின் பாரம் சிறிய பரப்பில் குவிகிறது. குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம் தன் வேலைக்கு மீறிய சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த வளையம் கிழிந்தபின் மூட்டின் வழவழப்பான பரப்பும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. சாதாரணமாக நடந்து திரிபவருக்கு இது நாற்பது வயதுக்கு மேல் தலைகாட்டலாம்; தாவித் தாவி இறங்குபவருக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தாவல்களுக்குப் பல பெயர்கள் உண்டு, புறப்படும் விதமும் வேறு வேறு. ஆனால் ஒருவர் ஆடும் முக்கியமான தாவல்கள் அனைத்தும் பெரும்பாலும் ஒரே காலில்தான், பின்னோக்கிச் சறுக்கியவாறு காலணித் தகட்டின் வெளிவிளிம்பில் வந்து இறங்குகின்றன. இடப்புறமாகச் சுழல்பவருக்கு அது வலக்கால். பெரும்பாலோர் அப்படித்தான் சுழல்கிறார்கள். நான்கு சுற்றுத் தாவலில் வீரர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.7 வினாடிதான். அதற்குள் நான்கு முறை சுழன்று, அந்தச் சுழற்சியை நிறுத்தி, உடல் எடையைப் போல் பல மடங்கு விசையை ஒற்றைக் காலில் வாங்க வேண்டும். தரையில் குதிப்பவருக்குக் கணுக்கால் மடங்கி அதிர்ச்சியில் ஒரு பங்கை ஏற்கும். ஸ்கேட்டிங் காலணியோ கணுக்காலை இறுகப் பிடித்துக்கொள்வதால், அந்தப் பங்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போய்ச் சேருகிறது. பார்வையாளருக்குத் தெரிவது ஒரு நிகழ்ச்சியில் வரும் ஏழெட்டுத் தாவல்கள் மட்டுமே. பயிற்சித் தளத்தில் அவை நாள்தோறும் பல பத்துகளாகப் பெருகுகின்றன என்பதையும், விழுந்த தாவல்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் குறை ஏன் முன்பே கண்ணில் படுவதில்லை என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஆழமில்லாத கிண்ணத்தில் பந்து தாராளமாகச் சுழலும். காலை உயரத் தூக்குவதும், வெளிப்புறமாகத் திருப்புவதும் இத்தகைய பிள்ளைகளுக்கு எளிதாக வருகின்றன; ‘உடம்பு நன்றாக வளைகிறது’ என்று பயிற்சியாளர்கள் மகிழ்ந்து தேர்ந்தெடுப்பதும் இவர்களில் சிலரைத்தான். நடனக் கலைஞர்களிடமும் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுபவர்களிடமும் ஆழம் குறைந்த மூட்டுகள் கணிசமாகக் காணப்படுவதற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். மேலும், பதினெட்டு இருபது வயதில் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் வலுவாக இருப்பதால், எலும்பு செய்யாமல் விட்ட வேலையை அவை செய்துகொண்டிருக்கின்றன. தசை களைத்துப்போகும் நாளில்தான் மூட்டு வாய் திறக்கிறது.

அப்படி வரும் வலியும் வந்த இடத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பிள்ளை ஒரு விரலால் சுட்டாமல், கட்டைவிரல் பின்புறமும் மற்ற விரல்கள் முன்புறமுமாக, ஆங்கில எழுத்து ‘சி’ வடிவில் இடுப்பின் பக்கவாட்டைக் கையால் கவ்விக் காட்டும். இந்தச் சைகையைப் பார்த்தாலே நான் தசைப்பிடிப்பு என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிடுவேன். பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்கி, தொடையை உள்பக்கமாகத் தள்ளித் திருப்பிப் பார்ப்பேன். மூட்டுக்குள் பிரச்சினை இருந்தால் அந்தத் திருப்பத்தில் முகம் சுளிக்கும், சில பிள்ளைகள் என் கையைப் பிடித்தே தள்ளிவிடும். ‘பைக்கிலிருந்து இறங்கும்போது சுருக்கென்கிறது’, ‘உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டுகிறது’, ‘நடக்கும்போது உள்ளே டொக்கென்று ஒரு சத்தம்’ என்பவை அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள். அதற்குள் அந்தப் பிள்ளை பல மாதங்கள் தைலம் தேய்த்தும் பெல்ட் கட்டியும், போட்டிக்கு முந்தைய இரவு வலி மாத்திரை போட்டும் சமாளித்திருக்கும்.

இரண்டு இடுப்பு மூட்டுகளும் ஒருசேரத் தெரியும்படி நேராக எடுத்த ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும், முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பந்தின் நடுவிலிருந்து நேர்மேலே போகும் கோட்டுக்கும் கிண்ணத்தின் வெளிவிளிம்புக்குப் போகும் கோட்டுக்கும் இடையே ஒரு கோணம் அளக்கிறோம். பொதுவாக அது 25 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், 20க்குக் கீழே போனால் கிண்ணம் ஆழமற்றது என்று கொள்கிறோம். வளையம் கிழிந்திருக்கிறதா என்று அறிய எம்ஆர்ஐ தேவைப்படும். ஆனால் எக்ஸ்ரேயைத் தவிர்த்துவிட்டு நேரே எம்ஆர்ஐக்கு ஓடுவதும், வளையக் கிழிசலை மட்டும் கண்டு அதைத் தைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் சரியில்லை. கிண்ணம் அப்படியே இருக்கும்வரை கிழித்த காரணமும் அப்படியே இருக்கிறது.

குழந்தைப் பருவத்திலேயே கண்டுபிடித்தால் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. கருவில் தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்த குழந்தைகள், தலைப்பிள்ளையாகப் பிறந்த பெண் குழந்தைகள், குடும்பத்தில் இடுப்பு மூட்டுக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கு முதல் சில மாதங்களிலேயே பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றிக் கட்டுவது மூட்டுக்குக் கேடு. கால்களை விரித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் நம் பாட்டிகளின் பழக்கம் மூட்டுக்கு ஒத்த நிலை என்பதை இங்கே சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து முதல் பதினாறு வயதுக்குள், குறிப்பாக எடை கூடிய பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை அதன் வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் ஒன்று உண்டு. அதில் பல நேரம் முழங்கால் மட்டுமே வலிக்கும். முழங்காலில் ஒன்றும் தெரியாமல் பிள்ளை நொண்டினால், இடுப்பைப் படம் எடுக்காமல் அனுப்பக் கூடாது. அது அவசரச் சிகிச்சை தேவைப்படும் நிலை.

மூட்டு தேய்வதற்கு முன் வந்தால், கிண்ணத்தைச் சுற்றியுள்ள இடுப்பெலும்பை வெட்டி, அதைத் திருப்பி, பந்தை நன்றாக மூடும்படி பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1980களில் உருவாக்கப்பட்ட முறை இது. ஊன்றுகோலோடு சில வாரங்கள், தசைப் பயிற்சியோடு பல மாதங்கள் ஆகும். என்றாலும் சொந்த மூட்டு தங்கிவிடும். தேய்ந்துவிட்டபின் இந்த வழி அடைபடுகிறது. செயற்கை மூட்டு நன்றாகவே வேலை செய்யும். யகுதின் அதன்பிறகும் ரஷ்யாவில் பனி நிகழ்ச்சிகளில் ஆடினார். எனினும் 27 வயதில் பொருத்தியதை வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இளைஞர் அந்த மூட்டை முதியவரைவிட அதிகம் உழைக்க வைப்பார்.

வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் இந்த விளையாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிளஷென்கோ 2013இல் இஸ்ரேலில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். சில நாள்கள் கழித்துத் தனிநபர் போட்டியின் ஒத்திகைத் தாவல் ஒன்றில் தவறாக இறங்கி, நடுவர்களிடம் சென்று விலகிக்கொண்டார். மருத்துவக் கண்ணோட்டத்தில் அந்த விலகல் அன்று எடுக்கத் தக்க ஒரே முடிவு. அதற்கு அவர் வாங்கிய வசவுகள்தான் எனக்கு விளங்காதவை.

வயது வரம்பில் மாற்றம் வந்திருப்பது ஓரளவு ஆறுதல் தருகிறது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பிறகு, 2022 ஜூனில், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பெரியவர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவு செய்தது. பருவம் தொடங்கும் முன் வரும் ஜூலை 1 அன்று அந்த வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த விதி முன்பே இருந்திருந்தால், 1997 உலகப் போட்டியில் யகுதினும், 15 வயதில் 1998 உலக வெண்கலம் வாங்கிய பிளஷென்கோவும் தளத்தில் இறங்கியிருக்க முடியாது. ஆனால் விதி காப்பது போட்டியைத்தான். பத்து வயதில் தொடங்கும் தாவல் பயிற்சிக்கு அது வரம்பு கட்டவில்லை.

ஆகவே என்னிடம் வரும் பயிற்சியாளர்களிடம், எந்த விளையாட்டாக இருந்தாலும், பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை தாவி இறங்குகிறது, அதில் எத்தனை ஒரே காலில் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் தொடை இடுக்கு வலியோடு வரும் பிள்ளைக்கு எக்ஸ்ரேயைப் பார்த்து முடிக்கும்வரை நீச்சலும் சைக்கிளும் இருக்கலாம், தாவல் மட்டும் வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.