"தெரிஞ்ச பார்ட்டிதானுங்க"

திருப்பூரில் பாக்கி வசூல் வழக்கு பார்க்கும் எந்த வக்கீலைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்வார். சமீபத்தில் வந்த துணி பிரிண்டிங் யூனிட்காரரும் இதைச் சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். ஒரு கம்பெனிக்கு ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் கொடுத்த துணியில் கூலிக்கு வேலை, செய்திருக்கிறார். பில் நாலேகால் லட்சம், வந்தது ஒன்றரை லட்சம். மீதிக்கு மூன்று மாதம் கழித்து ஒரு டெபிட் நோட், அதாவது பில்லில் கழித்துக்கொள்வதாக ஒரு சீட்டு: "பிரிண்ட் குறை, ஷேடு வித்தியாசம்." எந்த டெலிவரி சலானில் போன பீஸ், எத்தனை பீஸ் என்று ஒரு வரிகூட இல்லை.

ரேட் எங்கே இருக்கிறது என்றேன். "போன்ல பேசினதுங்க." டேமேஜ் எத்தனை சதவீதம் வரை ஒத்துக்கொள்வதாகப் பேச்சு? "அதெல்லாம் பேசறதில்லீங்க." சாம்பிளை யார் அப்ரூவ் செய்தது? "கம்பெனியில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் தம்பி. இப்ப அவரு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு."

இனி நான் எதை வைத்து வாதாடுவது?

வாய்ப்பேச்சு சட்டப்படி செல்லும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தத்தையும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் பேசியது இதுதான் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். எழுத்தில் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்கு போடலாம். எதிராளி நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் வாதாடவே முடியும். வாய்ப்பேச்சை மட்டும் நம்பி வந்தால் சாட்சி, குறுக்கு விசாரணை என்று சாதாரண வழக்காகத்தான் நடக்கும். எத்தனை வாய்தா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"எழுதி வாங்கியிருக்கலாமே" என்றால் உடனே வரும் பதில்தான் என்னை நிஜமாகவே எரிச்சலூட்டுகிறது. "அக்ரிமெண்டுன்னா பத்திரம் வாங்கோணும், நோட்டரிகிட்டப் போகோணும், ஆறு மாசம் ஆச்சுன்னா பேப்பரே செல்லாதாமா?" இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, ஊர் முழுக்க நம்புகிறது. முத்திரைத்தாளுக்குக் காலாவதி கிடையாது. முத்திரைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்லும் ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு, அவ்வளவுதான். திருவேங்கட பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது! நோட்டரி முத்திரை இல்லாததால் ஜாப் ஒர்க் ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை. முறையான சேவை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் போடுவது நல்லது, மறுக்கவில்லை. விட்டுப்போனாலும் முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். வெள்ளைத்தாளில் இரண்டு பேர் கையெழுத்து, கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு ஒர்க் ஆர்டர், "சம்மதம்" என்று பதில் வந்த ஒரு மின்னஞ்சல், எல்லாமே ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் முடிந்த ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவே இருக்கிறது.

வாட்ஸ்அப்பும் உதவும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மெசேஜ் தானாக அழியும்படி செட்டிங் வைத்துக்கொண்டு, பழைய போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்ல?

குறு, சிறு தொழில்காரர்களுக்கு 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் பெரிய ஆயுதம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாள்தான் உச்சம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. குறை இருந்தால் டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அந்த மூன்று மாத டெபிட் நோட்டுக்கு எதிராக எங்களிடம் இருக்கும் ஒரே பிடி இதுதான். அப்படியானால் கெடுவுக்காக ஒப்பந்தம் தேவையில்லையே என்பீர்கள். கெடுவுக்குத் தேவையில்லை. ரேட்டுக்கும் குறை அளவுக்கும் தேவை; அதைச் சட்டம் உங்களுக்காக எழுதித் தராது. குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். பின்னால் பதிந்தால் பழைய பில்லுக்குப் பொருந்துமா என்பதே தனி வழக்காகிவிடும்.

ஃப்ரீலான்ஸ் தம்பி, தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "இன்னொரு சின்ன மாத்தம் மட்டும்" என்று பதினோராவது தடவை கேட்பவரை நிறுத்த, எத்தனை திருத்தம் இலவசம் என்று முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். வேலை கொடுப்பவர்களும் கேளுங்கள்: வெளியாளிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிய சாஃப்ட்வேர் தானாக உங்கள் சொத்தாகிவிடாது. பதிப்புரிமையை மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். அதிலும் கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே பொருள் கொள்ளப்படும்.

ஒரு பக்கம் போதும். என்ன வேலை, என்ன ரேட், அட்வான்ஸ் எவ்வளவு, யார் சொன்னால் ஓகே, குறையை எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், எந்த அளவு வரை கழிக்கலாம், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு. அப்ரூவ் ஆன சாம்பிள் துண்டின் மேலேயே தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், "ஆடிட்டர் ஃபைல்ல வைக்கச் சொல்றாருங்க" என்று பழியை அவர் மேல் போடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நேரில் பேசிவிட்டு வந்தீர்களா? அன்று சாயங்காலமே "இன்று பேசியபடி பீஸுக்கு இவ்வளவு, பில் கொடுத்த 30 நாளில் பணம்" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பதில் வாங்குங்கள்.

பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே பில் ஃபைலை எடுத்துப் பாருங்கள். வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. "அடுத்த மாசம் தர்றேன்" என்று போனில் எத்தனை தடவை சொன்னாலும் கெடு நீளாது. கெடு முடிவதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புதிதாக 3 ஆண்டு ஓடும். இரண்டு ஆண்டு தாண்டிய பில் எதற்காவது இன்னும் பணம் வரவில்லை என்றால், பாக்கித் தொகையை ஒப்புக்கொள்ளும் ஒரு கடிதத்தை டைப் செய்து எடுத்துப் போய், கையெழுத்தும் கம்பெனி சீலும் வாங்கிக்கொண்டு பிறகு என்னிடம் வாருங்கள்.