வினாடி தவறும் வாட்சுக்கு ஏன் இவ்வளவு விலை?

பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும் விலை உயர்ந்த மெக்கானிக்கல் வாட்ச் வாங்கும் ஆசை இருந்தால் ஒரு சங்கடமான உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவான பேட்டரி வாட்ச் அதைவிடச் சரியாக மணி காட்டும்.

பேட்டரி வாட்சுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் 1 வரும். உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு செய்வது அதைத்தான். மாதத்துக்குச் சுமார் 15 வினாடி பிசகினால் அதிகம். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே துல்லியப் போட்டி முடிந்துவிட்டது.

அப்புறம் எதற்குக் காசு? பின்மூடி கண்ணாடியாக இருக்கும் வாட்சைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அது பேலன்ஸ் வீல். அதைத் திரும்பத் திரும்ப இழுத்துவருவது முடி போல மெலிந்த ஒரு சுருள், ஹேர்ஸ்பிரிங். சாவி கொடுத்த பெரிய ஸ்பிரிங் மொத்த விசையையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், மாணிக்கக் கல் பதித்த ஒரு சின்ன நெம்புகோல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் அடி மட்டும் விடும். காதில் கேட்கும் டிக் அந்தக் கல்லில் பல்சக்கரத்தின் பல் மோதும் சத்தம். இன்றைய வாட்சுகள் பலவற்றில் இது மணிக்கு 28,800 முறை, அதாவது வினாடிக்கு 8. வினாடி முள் தத்தாமல் வழுக்கிப் போவதுபோல் தெரிவது அதனால்தான்.

ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 6,91,200 ஆட்டம். இத்தனைக்கும் வாட்சுகளின் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிட்சர்லாந்து அமைப்பான சிஓஎஸ்சியின் சான்றிதழ் அனுமதிக்கும் சராசரிப் பிசகு நாளுக்கு 4 வினாடி பின்னாலிருந்து 6 வினாடி முன்னால் வரைதான். ஒரு கிலோமீட்டரை அளந்து 7 சென்டிமீட்டர் தவறுவது போல. வெறும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் இதைச் சாதிப்பது எனக்கு இன்னும் வியப்புதான். 15 நாள், 5 நிலைகள், 3 வெப்பநிலைகளில் அந்தச் சோதனை நடக்கும்.

ஏன் 5 நிலைகள்? டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது பேலன்ஸ் வீலின் அச்சு தன் முனையில் நிற்கிறது, உராய்வு குறைவு. வாட்சை நிமிர்த்தி வைத்தால் அச்சின் பக்கவாட்டு உரசும், ஆட்டம் சுருங்கும், வேகம் மாறும். இதைத் தெரிந்தவர்கள் பகலில் முந்திய சில வினாடிகளை இரவில் வாட்சைச் சாய்த்து வைத்தே ஈடுகட்டிவிடுவார்கள். இந்தச் சிக்கலுக்கு மருந்தாகத்தான் கடிகாரக் கலைஞர் பிரெகே 1801இல் டூர்பியானுக்குக் காப்புரிமை பெற்றார்: ஆட்டப் பகுதி முழுவதையுமே சுழலவிடும் ஏற்பாடு. ஆனால் அது பையில் நிமிர்ந்தே கிடந்த கடிகாரங்களின் காலம். மணிக்கட்டு எப்படியும் நாலா பக்கமும் திரும்புகிறது. ஆகவே இன்று டூர்பியானுக்குக் கொடுக்கும் பணம் வேலைப்பாட்டுக்கு, துல்லியத்துக்கு இல்லை.

என் வாட்ச் ஒருநாள் திடீரென்று பல நிமிடம் முந்தி ஓடியது. பழுது என்று நினைத்தேன். இரவில் அதைக் காந்தம் உள்ள டேப்லெட் உறைமேல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால் சுருள் குட்டையாகிவிடும், ஆட்டம் வேகமாகும். காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடி வேலை. ஆனால் போன், ஸ்பீக்கர், கைப்பைப் பூட்டு என்று காந்தத்தின் நடுவில்தான் வாழ்கிறோம். எனவே சிலிக்கான் சுருள் உள்ளதா என்று நான் முதலில் கேட்பேன். அதற்குக் காந்தம் ஏறாது.

டயலில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நீச்சல் குளத்தில் இறங்கிவிடாதீர்கள். அது அசையாத நீரின் அழுத்தத்தில் செய்த சோதனை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குப் போதும். முக்குளிக்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 6425 தரம் பெற்றதாக இருக்கட்டும். அதிலும் ரப்பர் வாஷர் வயதாக ஆக இறுகும்.

எண்ணெய்க்கும் வயதுண்டு. கல்லுக்கும் அச்சுக்கும் நடுவே நிற்கும் ஒரு பொட்டு எண்ணெய், வாட்ச் பெட்டியிலேயே தூங்கினாலும் உலரத்தான் செய்யும். பல நிறுவனங்கள் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்வது இதற்காக. பழைய வாட்ச் வாங்குபவர் பெட்டி, பில்லோடு கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்றும் கேட்க வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று, தேதி வைக்கப் போகிறீர்கள். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை தேதியை நேரடியாகத் திருப்ப வேண்டாம். பல வாட்சுகளில் அந்நேரம் பல்சக்கரம் தேதித் தட்டைக் கவ்வியிருக்கும், பல் உடையலாம். முள்ளை முதலில் 6க்குக் கொண்டுவந்து, அதன் பிறகு தேதியைத் திருப்புங்கள்.