கார்டை விடுங்கள், முதலில் கேசிங்கைத் திறந்து பாருங்கள்

என் மேசை லாச்சிக்குள் ஒரு உருகிய கனெக்டர் கிடக்கிறது. கறுத்துப்போய், ஒரு பக்கம் பிளாஸ்டிக் வழிந்து, மஞ்சள் வயரும் கறுப்பு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன சின்னச் சாமான். கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். திருகோணமலையில் கொம்பியூட்டர் திருத்தத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது, "எந்தக் கார்ட் நல்லது அண்ணா?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

அது உப்புவெளிப் பெடியன் ஒருவனுடையது. ஏ.எல். சோதனை முடிந்த கையோடு, வெளிநாட்டிலிருந்து அப்பா அனுப்பிய காசில், பாவித்த ஆர்எக்ஸ் 580 என்ற ஏஎம்டி கார்ட் ஒன்றை விளம்பரத்தில் பார்த்து வாங்கிவிட்டான். கார்டுக்கு எட்டு பின் கரன்ட் வேண்டும், அவனுடைய பவர் சப்ளையில் அப்படியொரு வயரே இல்லை. விற்றவர், "பரவாயில்லை தம்பி, இதைப் போடும்" என்று ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து மாற்றும் அடாப்டர் ஒன்றைச் சும்மாவே கொடுத்திருக்கிறார். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 அம்பியர், ஆக மொத்தம் 54 வாட். ஆர்எக்ஸ் 580 கேட்பதோ 185 வாட். மதர்போர்டின் ஸ்லொட் கூடினால் 75 வாட் கொடுக்கும், மிச்சம் முழுவதும் அந்த ஒற்றைப் பிளக்கால் வரவேண்டும். மூன்றாம் நாள் றப்பர் எரிகிற மணம் வந்தது என்று அம்மாதான் முதலில் சொன்னாராம். நல்ல காலம், வீட்டில் ஆள் இருந்தது.

அவனுடைய பவர் சப்ளையைக் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில் +12 வோல்ட்டுக்கு நேராக 16 அம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். கார்டும் புரொசசரும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்து, மேலே போட்டிருக்கும் பெரிய இலக்கம் வெறும் அலங்காரம். கேசிங்கோடு சும்மா வருகிற பவர் சப்ளைகளில் இது சர்வசாதாரணம், கையில் தூக்கினாலே காற்றுப்போல இருக்கும்.

ஆகவே ஒரு லட்சத்து இருபதாயிரம் வைத்திருக்கிறேன் என்று வருபவரிடம், அதில் நல்ல 550 வாட் பவர் சப்ளைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கார்ட் பாருங்கள் என்பேன். முகம் சுருங்கும், தெரியும். பவர் சப்ளை திரையில் ஒன்றும் காட்டாதே!

எந்தக் கார்ட் எவ்வளவு குடிக்கும் என்று பார்த்தால், ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட், ஆர்எக்ஸ் 6600 என்றால் 132, ஆர்டிஎக்ஸ் 5060 145, ஆர்எக்ஸ் 7600 165, பழைய ஆர்டிஎக்ஸ் 3060 170, இன்டெல் ஆர்க் பி580 190. அலுவலகங்களில் கழித்துவிட்ட பிராண்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் ஒன்றுமே சரிவராது, அதற்குள் இருப்பது 240 வாட் அளவில் கம்பனி தனக்கென்று செய்த பவர் சப்ளை, கடையில் வாங்கியதைத் தூக்கிப்போட்டு மாற்றவும் முடியாது. அவர்களுக்குத் தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 வகை அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, அதுவும் மெலிந்த கேசிங் என்றால் கட்டைக் கார்ட்தான். அளந்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது மதர்போர்ட். இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை ஸ்லொட்டில் தரவு போய்வரும் பதினாறு பாதையில் எட்டை மட்டும் பாவிப்பவை. புதிய போர்டில் அது பெரிதாகத் தெரியாது. நம்மூரில் அதிகம் ஓடுகிற பழைய போர்டுகளில், அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இந்த ஸ்லொட்டின் மூன்றாம் தலைமுறையில், கார்டின் நினைவகம் நிரம்பாதவரை சமாளிக்கும். நிரம்பிய பிறகுதான் வேலை தொடங்குகிறது. 8 ஜிபிக்குள் அடங்காத படங்களைக் கார்ட் மதர்போர்ட் ரேமுக்குப் போய் எடுத்துவர வேண்டும், போகிற ஒழுங்கையும் பாதி அகலம். கேம் சீராக ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, வளைவில் திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டும். சராசரி பிரேம் கணக்கில் அது தெரியாது, கண்ணுக்குத் தெரியும். அதனால் பழைய போர்ட் வைத்திருப்பவருக்கு, பதினாறு பாதையும் 12 ஜிபியும் உள்ள பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல நிலையில் கிடைத்தால், புதிய 8 ஜிபி கார்டைவிட அதைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். ஆர்க் பி580யிலும் 12 ஜிபி இருக்கிறது, விலையும் நியாயம், ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசசர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் அது வேகம் நன்றாகக் குறைந்து இழுபடும். இன்டெல் புரொசசர் பத்தாம் தலைமுறைக்குக் கீழே என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பெயரை மட்டும் பார்த்து வாங்கவும் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்றே 8 ஜிபியிலும் ஒன்று இருக்கிறது, அதன் பஸ் அகலம், அதாவது சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதையின் அகலம், 192 பிட்டிலிருந்து 128க்கு இறங்கிவிடும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் 8, 16 என்று இரண்டு விதமாக வருகின்றன. விளம்பரத்தில் ஜிபி எழுதவில்லை என்றால் அது பெரும்பாலும் குறைந்ததுதான். கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் காசு சேர்க்க முடிந்தால் 9060 எக்ஸ்டி 16 ஜிபியை எடுங்கள், 160 வாட்தான், நாலைந்து வருடம் கவலையில்லை.

கலியாண வீடியோ எடிட் செய்யும் ஒருவர் மலிவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிவந்து, வீடியோ எழுதி முடிய விடிந்துவிடுகிறது என்று தலையில் கை வைத்தார். அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதியே கிடையாது. எடிட்டிங் வேலைக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ், இல்லாவிட்டால் ஆர்க். சரி, விடுங்கள், அவர் பிறகு மாற்றிக்கொண்டார்.

பாவித்த கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை இரவு பகலாக ஓடவிட்டு நாணயம் சம்பாதிக்கும் மைனிங்கைக் கைவிட்டது, அதற்குப் பிறகு உலகம் முழுவதும் மைனிங் கார்டுகள் சந்தைக்கு வந்து கொட்டின, இங்கேயும்தான். மைனிங் கார்ட் என்றாலே பேயைக் கண்டதுபோல ஓடவேண்டியதில்லை. ஒரே வேகத்தில் ஓடிய கார்டின் சிப் பெரும்பாலும் தப்பியிருக்கும், தேய்ந்திருப்பது ஃபேன், சூடு பட்டிருப்பது மெமரி. கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு விற்கிறவரிடம் நானே வாங்கியிருக்கிறேன். பயப்படவேண்டியது வேறு ஆட்களுக்கு. பழைய ஜிடிஎஸ் 450ஐ எடுத்து அதற்குள் இருக்கும் பயோஸ் மென்பொருளை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால் இப்படியான கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே ஆங்கிலத்தில் போட்டுக்காட்டும். உப்புவெளிப் பெடியனின் கார்டையும் அதில்தான் பார்த்தேன். போலி இல்லை, ஆனால் ஷேடர், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகுகளின் எண்ணிக்கை 2048. அசல் ஆர்எக்ஸ் 580இல் 2304 இருக்கவேண்டும். சீனச் சந்தைக்கென்று வந்த 2048 எஸ்பி வகை அது, உள்ளே பார்த்தால் ஆர்எக்ஸ் 570தான்.

விற்பவர் வீட்டிலேயே ஓடவிட்டுப் பாருங்கள், கார்டை முழு வேகத்தில் வேலைவாங்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் போடுங்கள், எல்லா போர்ட்டிலும் கேபிளைக் குத்திப்பாருங்கள். "என்னிடம் இப்போது பவர் சப்ளை இல்லை, கொண்டுபோய்ப் பாரும்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நம்மூருக்கென்று ஒரு பரிசோதனை இருக்கிறது, கொழும்பு யூடியூப்காரர் யாரும் இதைச் சொல்லமாட்டார். கார்டின் பின்தகட்டையும் திருகாணிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். திருக்கடலூர்ப் பக்கம், கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஒன்றரை வருடம் இருந்த கார்ட் ஒன்று வந்தது. வெளியே புதிது மாதிரி. தகட்டைக் கழற்றினால் திருகாணித் தலைகள் செம்மண் நிறம், எச்டிஎம்ஐ போர்ட்டின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது, ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையில் தூசி உப்போடு சேர்ந்து களிபோல இறுகிக் கிடக்கிறது. பிரஷ்ஷால் அது போகவில்லை, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் அல்கஹோல்) தொட்டுத் தொட்டு இரண்டு மணித்தியாலம் எடுத்தேன். வொரண்டிக்கு அனுப்பலாமே என்று கேட்டார் உரிமையாளர். வொரண்டித் தாளைத் திருப்பிப் பார்த்தால் துரு, எரிந்த அடையாளம், இடி மின்னல் எதற்கும் கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. ஒரு வருடம் என்பதற்கு 350 நாள் என்றும் பல கடைகளில் கணக்கு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே 35 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு, குளிரூட்டி இல்லாத அறையில் கேசிங்குக்குள் போகும் காற்றே அந்தச் சூட்டில்தான் போகும். ஆகவே ஒற்றை ஃபேன் கார்டைவிட இரட்டை ஃபேன், அழகுக்குக் கண்ணாடி மூடிய கேசிங்கைவிட முன்பக்கம் வலை போட்டது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

விலை பற்றி ஒன்று. அமெரிக்காவில் வெளியானபோது 299 டொலர் என்று ஆர்டிஎக்ஸ் 5060ஐப் பார்த்துவிட்டு, இங்கே கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே சொல்லும் விலையில் வரி சேர்வதில்லை, இங்கே 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டுமே 18 வீதம், அதற்கு மேல் கப்பல் கூலி, இறக்குமதியாளர் பங்கு. கொழும்பில் பம்பலப்பிட்டிக்குப் போய் வாங்கினால் சில ஆயிரம் குறையலாம். பிழைத்தால் திரும்ப இரவு பஸ் ஏறவேண்டும், போக வர ஆகும் செலவையும் இரண்டு நாளையும் அந்தச் சில ஆயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளூரில் வாங்கச் சொல்வது என் வியாபாரத்துக்காக இல்லை, நான் கார்ட் விற்பதே இல்லை.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒருவர் கேசிங்கைச் சேலையால் சுற்றி, தம்பி மோட்டார் சைக்கிள் ஓட்ட, மடியில் வைத்துக்கொண்டு பாலம் கடந்து வந்திருந்தார். புதுக் கார்ட் போட்டு ஒரு கிழமை, ஒரு வித்தியாசமும் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தார். மொனிட்டர் கேபிளை எங்கே குத்தினீர்கள் என்றேன். பழைய இடத்தில்தான் என்று மதர்போர்டின் போர்ட்டைக் காட்டினார். ஒரு சாண் கீழே இருந்த கார்டில் குத்திவிட்டேன். அவர் தம்பியைப் பார்த்தார், தம்பி கூரையைப் பார்த்தான். காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, முன்கடையில் மூன்று பேருக்கும் தேத்தண்ணி வாங்கிவந்தார்.