துணிச்சலான பெண்களின் கதையில் நாம் தாண்டிப்போகும் பக்கங்கள்

நெய்வேலி புத்தகக் கண்காட்சி முடிந்த கையோடு, கடலூரில் என்னிடம் கவுன்சலிங்குக்கு வரும் பெற்றோரில் சிலர் இப்படிச் சொல்வார்கள்: "மலாலா புக் வாங்கிக் கொடுத்தேன் மேடம். படிச்சும் முடிச்சுட்டா. ஆனா நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்க மாட்டேங்கறா." பள்ளி ஆண்டு விழாக்களிலும் சாதனைப் பெண்களின் வரலாறுதான் பரிசுப் புத்தகம். கொடுப்பவர்களின் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் பதின்வயதுப் பெண்களுக்குப் புத்தகம் கொடுத்துப் பேச வைப்பவள்தான். ஆனால் அந்தப் புத்தகங்களைப் பெரியவர்கள் பயன்படுத்தும் விதம் எனக்குக் கவலை தருகிறது. "அவளால முடிஞ்சுதே, உனக்கு என்ன கேடு?" என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் பேச்சு வந்து நிற்கிறது. அப்புறம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நமக்குத்தான் உறுதி போதவில்லை என்ற எண்ணம் அந்தப் பெண்ணிடம் தங்கிவிடும்.

அதே புத்தகங்களை மெதுவாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. உறுதியான பெண் ஒருத்தியின் வரலாற்றில், அவளுக்காக ஏதோ ஒரு கதவைத் திறந்துவிட்ட ஆள் ஒருவராவது இருக்கிறார். அந்தப் பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பக்கங்களைப் பற்றியது. இதில் வரும் மாணவிகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2013-ல் வந்த 'நான் மலாலா' நூலையே எடுத்துக்கொள்வோம். 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வண்டியில் அவர் சுடப்பட்டதும், பதினேழு வயதில் நோபல் பரிசு வாங்கியதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பிறந்த சமயத்தில் நடந்தது. உறவினர் ஒருவர் குடும்ப வம்சாவளி வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். முந்நூறு ஆண்டு வம்சம், எல்லாம் ஆண்களின் பெயர். அப்பா சியாவுதீன் பேனாவை எடுக்கிறார், தன் பெயரிலிருந்து கீழே ஒரு கோடு இழுக்கிறார், அதன் முனையில் 'மலாலா' என்று எழுதுகிறார். பேசவும் தெரியாத குழந்தைக்காக ஒரு பெரியவர் போட்ட கோடு அது.

அதே நூலில் மலாலாவின் அம்மா தோர் பெக்காயைப் பற்றியும் ஒரு இடம் வருகிறது. சின்ன வயதில் பையில் புத்தகங்களோடு பள்ளிக்குப் போனவர். மாமன், சித்தப்பா வீட்டுப் பெண்கள் எல்லாம் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ஒருநாள் புத்தகங்களை ஒன்பது அணாவுக்கு விற்று மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டார். அத்தோடு படிப்பு நின்றது. போகவில்லையே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மகள் சுடப்பட்ட அந்த நாளில்தான் அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்குவதாக இருந்தது.

கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த ப்ளஸ் ஒன் மாணவி இந்த மிட்டாய்ப் பக்கத்தில்தான் நின்றாள். அடிக்கடி லீவு போடுகிறாள், படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்லி அவளை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கி, நோபல் பரிசு எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. "எங்க அம்மாவும் இப்படித்தான் மேம். அஞ்சாவதோட நின்னுட்டாங்க. விடியக்காலையில துறைமுகத்துக்குப் போயி மீன் எடுத்துக்கிட்டு அப்படியே விக்கப் போயிடுவாங்க. தம்பிய யாரு பாத்துப்பா?" என்றாள்.

அக்கறை இல்லாத பெண்ணா அவள்? தம்பிக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, அம்மா திரும்பி வரும்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண். அம்மாவை வரச்சொல்லிப் பேசினோம். குப்பத்து அங்கன்வாடியில் தம்பியைச் சேர்த்தார்கள். காலையில் அங்கே கொண்டுபோய் விடும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மை குறைந்தது. அவளுடைய மன உறுதியை யாரும் கூட்டவில்லை, அது முன்பே இருந்தது. காலையில் இரண்டு மணி நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான் நடந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையிலும் இதைப் பார்க்கலாம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிக்குப் போக முடியாமல் போனபோது வீட்டிலேயே பாடம் தொடர வழிசெய்தவர் அப்பா. ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் ஊர் எதிர்ப்பை மீறிச் சேர அனுமதித்தவர் புதுக்கோட்டை மன்னர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றார், பிறகு சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி முறைக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் எதிராகப் பேசினார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய அறிவும் பிடிவாதமும் அவருடையவைதான், அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனாலும் மகளின் பதின்மூன்று வயதில் அந்த அப்பா வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால்? கவிஞர் சல்மாவும் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். ஒளித்து ஒளித்து எழுதியவற்றை வீட்டுக்கு வெளியே கொண்டுசேர்க்க அவருடைய அம்மா துணை நின்றார். அந்தச் சல்மாதான் 2001-ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார்.

இதையெல்லாம்விட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதியதுதான் என் தொழிலுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஜெயகாந்தன் 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையைப் பலரும் படித்திருப்பீர்கள். மழை நாள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கல்லூரிப் பெண், காரில் ஏற்றிக்கொண்டு அவளிடம் அத்துமீறும் ஒருவன். வீடு திரும்பிய மகள் நடந்ததைச் சொன்னதும் அம்மா முதலில் ஆத்திரத்தில் அடிக்கத்தான் செய்கிறாள். அக்கம்பக்கத்தில் என்ன சத்தம் என்று கேட்டபோது, மழையில் நனைந்து வந்துவிட்டாள், அதனால் திட்டினேன் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அப்புறம் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, உன் மேல் எந்தக் களங்கமும் இல்லை என்கிறாள்.

அந்தக் கதை எழுப்பிய சர்ச்சைக்குப் பிறகு அவர் எழுதிய நாவல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் அதே நிகழ்ச்சிக்கு அம்மா கூச்சல் போடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண் கங்கா, படித்துப் பெரிய உத்தியோகத்துக்கும் வருகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் அவளும் ஒரு சாதனைப் பெண்தான். ஆனால் உள்ளுக்குள் அந்த ஒரு மாலைப்பொழுது அவளை விட்டு நகரவே இல்லை. நாவலுக்குள்ளேயே கங்கா அந்தச் சிறுகதையைப் படிக்கிறாள். என் அம்மா இப்படி நடந்திருந்தால் என்று அவள் நினைக்கும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் தொடர்வேன்.

நடந்தது ஒன்றுதான். கேட்டவுடன் அம்மா என்ன செய்தாள் என்பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது. முப்பது பக்க உளவியல் பாடத்தில் புரியவைக்க முடியாததை இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு தாய் புரிந்துகொள்வாள். பெற்றோர் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது பின்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை இங்கே சேர்த்தாக வேண்டும். தண்ணீர் ஊற்றித் தூய்மைப்படுத்த அந்தப் பெண்ணிடம் அழுக்கு எதுவும் இல்லை. கதை 1966-ல் எழுதப்பட்டது, இன்றைய தாய் அந்த இடத்தைத் தாண்டி வர வேண்டும். அதோடு இன்று மூடி மறைப்பது சரியான வழியும் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆலோசகரான எனக்கும் அந்தக் கடமை உண்டு. பிள்ளையின் பெயரோ படமோ வெளியே வரக் கூடாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் போலீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதற்கு முன்னால் உங்கள் மகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். "நீ ஏன் அங்க போன?" என்று அப்போது கேட்காதீர்கள். "சொன்னியே, நல்லது பண்ண. நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

வெற்றியில் முடியும் கதைகளை மட்டும் கொடுப்பதையும் நான் குறைத்துக்கொண்டுவருகிறேன். ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்' மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட நாவல். இளம் வயதில் கணவரை இழந்தவர், விதவைக் கோலத்தை உதறிவிட்டு, கிராப் வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கீழத் தஞ்சையின் விவசாயக் கூலிகளோடு நின்றார். 1953-ல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். விருதும் இல்லை, பதவியும் இல்லை. புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி இதைப் படித்துவிட்டு, "இவங்களுக்குக் கடைசியில என்னதான் கிடைச்சுது?" என்று கோபமாகவே கேட்டாள். நீட் தேர்வில் இரண்டு முறை தோற்று, தன்மேல் நம்பிக்கை முழுக்க விட்டுப்போன பெண். அன்றைக்கு நாங்கள் மணியம்மையைப் பற்றித்தான் பேசினோம். கிடைத்ததை வைத்தா ஒருத்தியை எடைபோடுவது என்ற கேள்வி அவளிடமிருந்தே வந்தது. அதற்கடுத்த வாரம்தான் தன் மதிப்பெண்ணைப் பற்றி அழாமல் பேசினாள். எப்போதும் ஜெயித்தவர்களின் கதையை மட்டும் படிக்கும் பிள்ளை, தோல்வி வரும்போது அதைத் தன் குணத்தின் குறையாக எடுத்துக்கொள்கிறாள்.

கடலூர்ப் பிள்ளைகளிடம் நான் அஞ்சலை அம்மாளையும் சொல்வேன். 1890-ல் முதுநகரில் பிறந்தவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 1927-ல் சென்னையில் ஆங்கிலேய ராணுவ அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்குப் போனபோது கணவர் முருகப்பாவும் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் உடன் போனார்கள். அந்தச் சிறுமியும் சிறைக்குப் போனாள். காந்தி அவளுக்கு லீலாவதி என்று பெயர் வைத்து வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப்போனார். வேலூர் சிறையில் நிறைமாதமாக இருந்த அஞ்சலை அம்மாள், பிரசவத்துக்காக வெளியே வந்து, குழந்தை பெற்றபின் மீண்டும் சிறைக்குத் திரும்பினார். நம் மாவட்டத்தின் மிகத் துணிச்சலான பெண் என்று தயங்காமல் சொல்வேன். அவர்கூடத் தனியாகப் போகவில்லை என்பதை பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மாதங்களில் என்னிடம் வரும் பிரச்சினைகளில் கல்யாணப் பேச்சும் ஒன்று. தாய்மாமன் காத்திருக்கிறார், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்று காரணங்கள் மாறும். அந்தப் பெண்ணிடம் "தைரியமா மாட்டேன்னு சொல்லு" என்று அறிவுரை சொல்வதில் பயன் குறைவு. சொல்லிவிட்டு அவள் அந்த வீட்டில்தான் அன்றிரவு சாப்பிட்டுத் தூங்க வேண்டும். மறுத்துப் பேசும் வேலையைப் பெரியவர் ஒருவர் ஏற்க வேண்டும். ஆசிரியர், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். யார் தகவல் சொன்னார்கள் என்பதை வெளியிட மாட்டார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அப்படிப்பட்ட கல்யாணத்தை நடத்தி வைப்பவர்கள், ஏற்பாடு செய்பவர்களோடு கலந்துகொள்பவர்களும் மாட்டுவார்கள். இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பத்திரிகை கையில் வந்ததும் மொய்க் கவரைத் தேடும் உறவுகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். காசுதான் கவலை என்றால், ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கு, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றியும் உங்கள் மகளிடம் பேசலாம்.

தாலி கட்டியே முடிந்துவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். சின்ன வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண், பதினெட்டு நிறைந்த பிறகும் இரண்டு ஆண்டுகள்வரை, அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பதினெட்டு ஆவதற்கு முன்பே போட வேண்டுமென்றால், அவள் சார்பில் வேறு ஒரு பெரியவர், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோடு சேர்ந்து, அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.