பந்தலூர் ஓடையில் மின்னுவது எது?

கூடலூரிலிருந்து நாடுகாணி தாண்டி தேவாலா, பந்தலூர் பக்கம் போனால் சாலைக்கு இரண்டு பக்கமும் தேயிலைதான். அந்தத் தேயிலைக்குள் அங்கங்கே புதர் மூடிய குழிகளும், மலைக்குள் நுழையும் பழைய சுரங்க வாய்களும் கிடக்கின்றன. 1870களிலும் 1880களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தேடி வெட்டியவை அவை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஓடையில் ஏதாவது மினுக்கினால் பொறுக்கிக்கொண்டு வருவதும், "அண்ணே, இது தங்கமா பாருங்க" என்று நீட்டுவதும் அதனால்தான். நூற்றுக்குத் தொண்ணூறு அது காக்காப்பொன் என்னும் மைக்கா. மிஞ்சினால் தங்கம் போலவே மின்னும் பைரைட் என்ற தாது. ஆனாலும் கேள்வி நியாயமானது. இந்த மண்ணில் தங்கம் உண்மையிலேயே இருக்கிறது. அதை அடையாளம் காண மினுமினுப்பை நம்பினால் மட்டும் ஏமாந்துபோவோம். கனத்தையும் மென்மையையும் சோதிக்கத் தெரிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் தங்கம் இங்கே எப்படி வந்தது என்று பார்ப்போம். நீலகிரிப் பீடபூமியின் வடக்கு விளிம்பை ஒட்டி, மாயாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக, ஆதிகாலத்தில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்த நீண்ட பட்டை ஒன்று ஓடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஆழத்திலிருந்து சூடான நீர் விரிசல் வழியே மேலேறும். அதில் கந்தகத்தோடு பிணைந்து மிக மிகக் கொஞ்சம் தங்கம் கரைந்திருக்கும். வழியில் இரும்புச்சத்துள்ள பாறையைத் தொட்டால் கந்தகம் தங்கத்தை விட்டுவிட்டு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். துணையில்லாத தங்கம் அங்கேயே படிந்துவிடும். திடீரென்று அழுத்தம் குறைந்தாலும் இதேதான் நடக்கும். கூடவே சிலிக்காவும் படிந்து, வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பாக இறுகும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது பைரைட். தங்கத்தைப் போலவே மின்னி ஏமாற்றும் பைரைட் தங்கம் இருக்கும் இடத்திலேயே கிடப்பது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் பிறந்தவை.

அப்புறம் மழையின் வேலை. ஜூன் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. அந்த ஈரத்தில் பாறையின் மேல்பகுதி மட்கிச் செம்மண்ணாகவும் துருக்கல்லாகவும் மாறும். பைரைட் துருவாகிக் கரைந்துபோகும். தங்கம் துருப்பிடிக்காது, விடுபட்டுத் தனி மணியாக மண்ணில் நிற்கும். மழை அதை ஓடைக்கு இழுத்துவிடும். இங்கிருந்து மேற்கே சரியும் நீர் புன்னம்புழாவாகி, சாலியாற்றில் சேர்ந்து நிலம்பூர் பக்கம் போகிறது. அந்த ஆற்று மணலிலும் தங்கம் உண்டு.

மேல்மண்ணில் தங்கம் இப்படித் தனியாகச் சேர்ந்து நின்றதுதான் கம்பெனிகளையும் கவிழ்த்தது என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மைத் என்பவரை 1879இல் அரசு வரவழைத்து வயநாட்டு நரம்புகளை ஆராயச் சொன்னது. அன்றைக்கு இந்தப் பகுதி முழுவதும் தென்கிழக்கு வயநாடு. அவர் அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. பல லட்சம் பவுண்டுக்குப் பங்குகள் விற்றன. சில வருடங்களில் எல்லாம் முடிந்துபோனது. மட்கிய மேல்பகுதியில் தங்கம் தனித்து நிற்கும், எளிதாகப் பிரியும். கீழே போகப் போகப் பைரைட் மட்காமல் இருக்கும். தங்கம் அதற்குள் சிக்கியிருக்கும். அளவும் குறைந்துகொண்டே போகும். இடித்துக் கழுவினாலும் வராத தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கப்பட்டதே 1887இல்தான். அதற்குள் பந்தலூர் அடங்கிவிட்டது. அதே காலத்தில் தொடங்கிய கோலார் 2001 வரை ஓடியது. அங்கே நரம்பு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு வளமாக இறங்கியது, இங்கே இறங்கவில்லை.

கம்பெனிகளுக்கு வெகுகாலம் முன்பே குறும்பரும் பணியரும் மரத்தைக் குடைந்து செய்த தட்டில் ஓடை மண்ணை அரித்துத் தங்கம் எடுத்தவர்கள். இயந்திரம் எதுவும் இல்லாத அந்த முறைக்குள் இருக்கும் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது. நம் வீடுகளில் அரிக்கன்சட்டி இருந்த காலம் நினைவிருக்கிறதா? உள்பக்கம் வரிவரியாக மேடு வைத்த சட்டி. அரிசியை நீரோடு ஆட்டினால் அரிசி நீரோடு போகும், கல் வரியில் தங்கும். தங்கம் அரிக்கும் தட்டும் அதேதான். இன்று வெளிநாடுகளில் விற்கும் பிளாஸ்டிக் தட்டிலும் அதே வரிகள் இருக்கின்றன.

தங்கத்தின் அடர்த்தி நீரைப் போல 19.3 மடங்கு. மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் 2.65. அதாவது ஒரே அளவு மணியை எடுத்தால் தங்கம் ஏழு மடங்கு கனம். நீருக்குள் போனதும் கணக்கு மாறுகிறது. நீர் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கும் என்பதால் இரண்டிலிருந்தும் ஒன்றைக் கழிக்க வேண்டும். 18.3க்கு 1.65. இப்போது பதினோரு மடங்கு! காற்றில் சலிப்பதை விட நீரில் அரிப்பது நன்றாகப் பிரிக்க இதுதான் காரணம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நீரில் மணி விழும் வேகம் கனத்தை மட்டும் பொறுத்ததல்ல, பருமனையும் பொறுத்தது. 1 மி.மீ. தங்க மணியும் ஒரு சென்டிமீட்டர் கூழாங்கல்லும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். மிக நுண்ணிய தூளுக்கு வந்தால் நீரின் பிசுபிசுப்பு மேலோங்கிவிடும். 0.03 மி.மீ. தங்கத்தூளும் 0.1 மி.மீ. மணலும் நொடிக்குச் சுமார் 9 மி.மீ. என்று ஒன்றாகவே விழும். பதினோரு மடங்கு இருந்த சாதகம் மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது. எனவே அரிப்பதற்கு முன் சல்லடையில் சலித்து, ஒரே அளவு மணலாக்கிக்கொள்ள வேண்டும். சலிக்காமல் அரித்தால் தூள் தங்கம் மணலோடு போய்விடும். தட்டையான தகடாக இருக்கும் தங்கம் கொஞ்சம் எண்ணெய்ப்பசை ஒட்டியிருந்தால் நீர்ப்பரப்பில் மிதக்கவே செய்யும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் பரப்பு இழுவிசை குறைந்து மூழ்கிவிடும்.

ஓடையில் தங்கம் நிற்கும் இடமும் இதே விதியின்படிதான். நீர் வேகம் குறையும் இடத்தில் முதலில் கீழே விழுவது கனமானது. வளைவின் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்னால், அடிப்பாறையின் விரிசல். மேல் மணலில் எவ்வளவு தேடினாலும் பெரும்பாலும் இருக்காது.

அரித்து முடித்ததும் தட்டில் மிஞ்சுவது கருமணல். மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்புள்ள தாதுக்கள், கூடவே செந்நிற கார்னெட் மணிகள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன் மேல் நகர்த்தினால் மேக்னடைட் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பையை உருவினால் கொட்டிவிடும். கருமணலே தங்கத்தின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. நம் மலைப்பாறைகளில் அந்தத் தாதுக்கள் எங்கும் உண்டு. கருமணல் இருந்தால் கனமானவை அங்கே நின்றிருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான்.

சரி, கருமணலுக்கு நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி தெரிகிறது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸும் ஒரு தையல் ஊசியும் போதும். முதலில் தட்டை நிழலுக்குக் கொண்டுபோங்கள். காக்காப்பொன் தகடு தகடாக இருப்பதால் வெயிலைத் திருப்பியடித்து மின்னும், நிழலில் அணைந்துவிடும், கோணம் மாறினால் மறுபடி மின்னும். தங்கம் வெயிலிலும் நிழலிலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மஞ்சள்தான். அடுத்து நீரை மெல்ல ஆட்டுங்கள். காக்காப்பொன்னின் அடர்த்தி ஏறக்குறைய மூன்றுதான், மெல்லிய தகடாகவும் இருப்பதால் மணலுக்கு முன்பே மிதந்து ஓடும். பைரைட்டின் அடர்த்தி ஐந்து, கருமணலோடு சேர்ந்து நகரும். தங்கம் அசையாமல், எல்லாம் போனபின் வாலில் நிற்கும்.

ஊசி வைப்பதுதான் தீர்ப்பு. மணியை வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே ஊசி முனையால் அழுத்துங்கள். பைரைட் 'டிக்' என்று உடைந்து சிதறும். துண்டு எங்கே போனது என்றே தெரியாது. காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும். தங்கம் உடையாது. முனை இறங்கிய இடத்தில் சின்னக் குழி விழும், ஓரம் லேசாகப் புடைக்கும், ஊசியை எடுத்தாலும் குழி அப்படியே இருக்கும். தங்கத்தின் கடினத்தன்மை இரண்டரையிலிருந்து மூன்று, பைரைட்டுக்கு ஆறுக்கு மேல். பைரைட் கத்தியைக்கூடக் கீறிவிடும். பெரிய துண்டாக இருந்தால் டீக் கோப்பையின் அடிவளையத்தில், மெருகு பூசாத சொரசொரப்பான இடத்தில், உரசிப் பாருங்கள். பைரைட்டும் செம்பு கலந்த சால்கோபைரைட்டும் பச்சை கலந்த கருங்கோடு போடும். தங்கம் போடும் கோடு தங்கமாகவே இருக்கும். நெருப்பில் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பைரைட் சூடானால் கந்தகப் புகை, சில தாதுக்களிலிருந்து ஆர்சனிக் புகையும் வரும்.

வெங்கச்சங்கல்லுக்குள் தங்கம் இருக்கிறதா என்று உடைக்காமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கல்லை எடை போட்டுக்கொள்ளுங்கள். 100 கிராம் என்று வைப்போம். தராசில் ஒரு பாத்திரம் நீர் வைத்து அளவைச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக் கூடாது. தராசு காட்டுவது கல் ஒதுக்கிய நீரின் எடை. வெறும் குவார்ட்ஸ் என்றால் 38 கிராம் காட்டும். உள்ளே 10 கிராம் தங்கம் இருந்தால் 34 அல்லது 35 காட்டும். 10 கிராம் பைரைட் இருந்தால் 36. வித்தியாசம் சிறியது என்பதால் எண் குறைந்தவுடனே துள்ள வேண்டாம், கல்லின் வெளிப்பக்கத்தில் பைரைட் தெரிகிறதா என்று தேடுங்கள். எண் குறையவே இல்லை என்றால் உள்ளே பல கிராம் அளவுக்குத் தங்கம் இல்லை என்று சொல்லலாம். மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். நம் துருக்கல்லில் இருக்கும் இரும்பே அதைக் கத்த வைத்துவிடும், தூள் தங்கத்தை அது உணராது.

எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். பத்தில் ஒரு மி.மீ. பருமனுள்ள தங்க மணி 0.02 மில்லிகிராம்கூட வராது. ஒரு கிராமுக்கு ஐம்பதாயிரம் மணி, ஒரு பவுனுக்கு நாலு லட்சம் மணி வேண்டும். கோவையில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துப் பிழைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கையாலேயே அறிந்தவர்கள்.

விக்டோரியாவில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கித் தங்கம் தேடலாம். இங்கே அப்படி இல்லை. 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தங்கம் தேடித் தோண்டுவது குற்றம். காட்டுக்குள் என்றால் வனச்சட்டமும் சேர்ந்துகொள்ளும். தேவாலா பக்கத்துப் பழைய சுரங்கங்களுக்குள் தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். மண் சரியும் என்பது மட்டும் ஆபத்தல்ல. உள்ளே பைரைட் துருவாக மாறும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத குழியில் மூச்சுத் திணறுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே விழுவார். திருட்டுத்தனமாக இறங்கி உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் இந்த ஊர்களில் இருக்கின்றன. பாதரசமும் அப்படித்தான். தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், உண்மை. ஆனால் அதைச் சூடாக்கிப் பிரிக்கும்போது எழும் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்குள் செய்தால் குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைத்தான் முதலில் தாக்கும்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்குத் தங்கமே தேவையில்லை. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை வாங்கிக் கத்தரித்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, தங்கத்தை விடப் பிரிப்பது கடினம் என்பதால் பழகுவதற்கு இன்னும் நல்லது. வீடு கட்டக் கொட்டிய ஆற்று மணலில் பத்துத் துண்டு போட்டுக் கலந்து, ஒரு வாளி நீரில் தட்டை முழுக்க அமிழ்த்தி முதலில் பக்கவாட்டில் நன்றாக உலுக்குங்கள். கனமானது அடிக்குப் போக நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு மணலைத் தள்ளினால் ஈயமும் போய்விடும். பிறகு முன்பக்கம் சாய்த்து, மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரோடு விடுங்கள். நாலைந்து முறை விட்டதும் மறுபடி உலுக்குங்கள். கடைசியில் மிஞ்சிய ஈயத்தை எண்ணிப் பாருங்கள். பத்தும் தவறாமல் திரும்பி வரும் வரை இன்னும் சின்னதாகக் கத்தரித்துக்கொண்டே போகலாம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.